"சாமிக்கு வெயில் படுது"

ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது மாதம். அலுவலக கேன்டீனில் என் தட்டில் இருந்த கோழியைப் பார்த்ததும், எதிரில் உட்கார்ந்திருந்தவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நீங்கள் இந்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்புறம் இது?" என்று கோழியைக் காட்டினார். கோபமெல்லாம் இல்லை. ஏதோ ஏமாந்துபோனவர் மாதிரி இருந்தார். நான் அவசர அவசரமாக, "நான் அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதில்லை" என்று சொல்லித் தப்பித்தேன்.

அது பொய் என்று அன்று இரவு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. எனக்கு விருதுநகர் பக்கம். எங்கள் குலதெய்வம் கருப்பசாமி. மாசி மாதம் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் கோயிலில் கூடுவோம். மறுநாள் கிடா வெட்டு. அன்றைக்குக் கறிச்சோறு சாப்பிடாமல் கிளம்பினால்தான் எங்கள் வீட்டில் "சாமி காரியத்துக்கு வந்துட்டு இப்படியா போறது" என்று கேட்பார்கள். அப்படிப் பார்த்தால் நான் நன்றாகவே கடைப்பிடிக்கிறவள். ஆனால் அந்த மனிதரின் மனதில் இருந்த இந்து வேறு ஒருவர். அவரை வைத்து என்னை அளந்து, குறைவாக இருக்கிறேன் என்று நானே ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

இப்போது டோர்ட்மண்டில் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. மதத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. நெற்றிப்பொட்டுக்கு என்ன அர்த்தம், பசு ஏன் புனிதம், முப்பத்து மூன்று கோடி கடவுள் பெயரும் தெரியுமா, இப்படி. இவற்றுக்குப் பதில் சொல்வது பெரிய காரியமில்லை. "பொட்டு வைக்காவிட்டால் முகம் மொட்டையாக இருக்கிறது என்று அம்மா திட்டுவார்" என்று உள்ளதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மொத்த இந்தியாவும் சைவம் என்று நினைக்கிறவர்களிடம் ஒரு கணக்கு சொல்வேன். 2021 இல் வெளியான, அமெரிக்காவின் ப்யூ என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பில், தங்களைச் சைவம் என்று சொல்லிக்கொண்ட இந்தியர்கள் 39 சதவீதம்தான். எண்ணைக் கேட்டதும் ஜெர்மன்காரர்கள் சமாதானமாகிவிடுவார்கள்.

இளக்காரமாகப் பேசுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். புகழ்கிறவர்களிடம்தான் நான் திண்டாடினேன்.

2017 இல் அப்பா இறந்தார். மதியம் போன் வந்தது. டிக்கெட் கிடைத்த பிறகு, காபி மெஷின் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் பெண், நல்லவர், தோளில் கை வைத்தார். "உங்களுக்கு எங்கள் அளவுக்குக் கஷ்டமாக இருக்காது, இல்லையா? மறுபிறவி இருக்கிறதே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். வாரம் இரண்டு நாள் யோகா வகுப்புக்குப் போகிறவர்; இந்தியர்கள் சாவை அமைதியாக ஏற்றுக்கொள்பவர்கள் என்று அங்கே கேட்டிருப்பார்.

ஊரில் போய் இறங்கியபோது தெருமுனையிலேயே பறைச் சத்தம் கேட்டது. அப்பத்தா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சாவு வீட்டில் அமைதியாக யார் இருந்தார்கள்? பதினாறு நாளில் ஒரு ஆள்கூட மறுபிறவி என்று வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அப்பத்தா துரத்தியிருப்பார். அப்புறம் அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்குச் சோறு. அப்பா வேறெங்கோ பிறந்துவிட்டார் என்றால் இந்தச் சோற்றைச் சாப்பிட வருவது யார்? இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. இரண்டையும் நம்புகிறோம், அவ்வளவுதான். காக்காய் வரத் தாமதமானால் அம்மா, "கோவமா இருக்காரு போல" என்பார்.

திரும்பி வந்து பல மாதம் கழித்து அந்தப் பெண்ணிடம் காக்காய் விஷயத்தைச் சொன்னேன். மறுபிறவி பற்றி எதுவும் விளக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தாத்தா இறந்த உடனே பாட்டி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டதைச் சொன்னார். உயிர் வெளியே போக வழி வேண்டுமாம். "பாட்டி தேவாலயத்துக்கே போகாதவர்" என்றும் சொன்னார். எங்கள் இருவருக்குள் மதம் பற்றி நடந்த முதல் உருப்படியான பேச்சு அதுதான். அன்றிலிருந்து இதை ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டேன். யாராவது "உங்கள் மதத்தில் என்ன சொல்கிறார்கள்?" என்று ஆரம்பித்தால், "எங்கள் வீட்டில் என்ன செய்வோம் தெரியுமா" என்று ஆரம்பிப்பேன். முடிந்ததும் அவர்கள் பாட்டி என்ன செய்வார் என்று கேட்பேன். பாதிப் பேருக்காவது சொல்ல ஏதாவது இருக்கும்.

இந்தப் புகழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். வேடிக்கையான கதைகள் இருக்கின்றன. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேருக்கு 1760 இல் எசுர்வேதம் என்று ஒரு பிரதி கிடைத்தது. கிறிஸ்தவத்துக்கும் முந்தைய ஞானம் இதோ என்று அதைத் தூக்கிப் பிடித்தார். கையோடு பிரெஞ்சு அரச நூலகத்துக்கும் கொடுத்தார். பின்னால் பார்த்தால் அது வேதமே இல்லை. பாதிரிமார் வட்டாரத்தில் உருவான போலி. அதே வகையைச் சேர்ந்த கையெழுத்துப் பிரதிகள் நம் புதுச்சேரியிலேயே இருந்தன. ஜெர்மன் தத்துவவாதி ஷோபன்ஹவர் வாழ்நாள் முழுக்கக் கொண்டாடிய உபநிடதமும் சமஸ்கிருதத்திலிருந்து பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து 1801-02 இல் லத்தீனுக்கு வந்த மொழிபெயர்ப்பு. அதையே தன் வாழ்வுக்கும் சாவுக்கும் ஆறுதல் என்றார். இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஹெகலோ இந்திய மனமே கனவில் மிதப்பது என்று எழுதிவைத்தார். மூவரும் இந்தியாவுக்கு வந்தவர்கள் இல்லை. தங்கள் ஊர்ச் சண்டைக்கு ஒரு இந்தியா தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள்.

பழிப்பிலும் இதே கதைதான். இத்தாலியப் பயணி வர்தேமா 1510 இல் வெளியிட்ட பயணக் குறிப்பில், கோழிக்கோட்டு அரசர் கும்பிடுவது பிசாசை என்று எழுதினார். அதன் தலையில் போப்பாண்டவர் கிரீடம் போல ஒரு கிரீடம் இருந்ததாம். 1515 இல் ஆக்ஸ்பர்க்கில் வந்த ஜெர்மன் பதிப்புக்கு அதைப் படமாகவும் வரைந்துவிட்டார்கள். வரைந்தவர் கேரளத்தைப் பார்த்ததில்லை. தன் ஊர்த் தேவாலயங்களில் பார்த்துப் பழகிய பிசாசைப் போட்டுவிட்டார்.

சரி, அவர்கள் செய்தது இருக்கட்டும். நான் செய்ததைச் சொல்கிறேன்.

டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில்தான் ஹாம் நகரம். அங்கே ஊன்ட்ரோப் தொழிற்பேட்டையில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 1983 க்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பியது. குடமுழுக்கு 2002 இல். பதினேழு மீட்டர் கோபுரம். கட்டடக் கலைஞர் ஒரு ஜெர்மன்காரர். வருஷா வருஷம் தேருக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் வரும். தீர்த்தம் ஆடுவது பக்கத்தில் ஓடும் சரக்குக் கப்பல் கால்வாயில்.

ஒரு வருஷம் தேருக்கு என் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அலகு குத்திய காவடியைப் பார்த்ததும் மெதுவாக, "ஃபகீரா?" என்றார். அது அரபுச் சொல், முஸ்லிம் துறவிகளைக் குறிப்பது என்றேன். குறித்துக்கொண்டார். அப்புறம் உற்சவ மூர்த்தியைக் காட்டி, "நீங்கள் கும்பிடுவது இந்தச் சிலையையா?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். "இல்லை, சிலை வெறும் சின்னம்தான். உண்மையில் ஒரே சக்தி, பல வடிவம்" என்று சொல்லி, ஒரே வெளிச்சம் பல நிறக் கண்ணாடியில் தெரிவதைப் போல என்று உவமையும் சேர்த்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தேரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, அம்பாளுக்கு வெயில் படுது. குடையைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ."

அவர் என்ன சொன்னார் என்று என்னோடு வந்தவர் கேட்டார். வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தேன். "ஆனால் நீங்கள் வெறும் சின்னம் என்றீர்களே" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சின்னத்துக்கு எதற்குக் குடை? காலையில் திருப்பள்ளியெழுச்சி, இரவு பள்ளியறை, வேர்க்கும் என்று விசிறி, உற்சவம் முடிந்து கண் பட்டிருக்கும் என்று திருஷ்டி. மதுரையில் தினமும் ராத்திரி சொக்கநாதரை மீனாட்சி சன்னதியில் பள்ளியறைக்குக் கொண்டுபோவதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அங்கே நின்ற ஒருவராவது அதைச் சின்னம் என்று நினைத்திருப்பாரா? என் அம்மா நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. சின்னம் என்ற பேச்சு எனக்கு வருவது ஐரோப்பியர் எதிரே நிற்கும்போது மட்டும்தான்.

அந்தப் பதிலின் பூர்வீகத்தைத் தேடினால் அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. மிஷனரிகள் "கல்லைக் கும்பிடுகிறீர்கள்" என்று சொல்லச் சொல்ல, நம்மவர்கள் தேடிக் கண்டுபிடித்த பதில்கள் ஒரு பெரிய வரிசை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் அவர்களோடு மல்லுக்கு நின்றவர். பைபிள் மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவியவரும் அவரே. ஆனால் கோயிலில் ஆடு வெட்டுவதை அவரும் கடுமையாகக் கண்டித்தார். அவர் காலத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். எனக்குத் தோன்றியது, இந்தப் பதில்களில் எல்லாம் எங்கள் கருப்பசாமிக்கு இடமே கிடையாது என்பதுதான். வெளியார் முன்னால் வீட்டைப் பெருக்கும்போது முதலில் கொல்லைப்புறத்துக்குத் தள்ளப்படுகிறவர் அவர்.

இப்போது அந்தக் கேள்வி வந்தால் நேராகச் சொல்கிறேன். சிற்பி செதுக்கி முடிக்கும்வரை கல். கண் திறந்து, குடமுழுக்கு ஆன பிறகு அங்கே இருப்பது ஆள். ஆளை எப்படி நடத்துவோமோ அப்படி நடத்துவோம். ஆச்சரியம் என்னவென்றால், இது கத்தோலிக்கர்களுக்குச் சட்டென்று புரிகிறது. இங்கே தேர் நடக்கிற அதே மே, ஜூன் காலத்தில் அவர்களுக்கு ஃபிரோன்லைஷ்னாம் என்றொரு திருநாள். அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை, பூ வேலை செய்த விதானத்தின் கீழ் வைத்து, தெருத் தெருவாக ஊர்வலம் கொண்டுபோவார்கள். அது அவர்களுக்குக் கிறிஸ்துவின் உடலேதான். 1529 இல் மார்புர்க்கில், போப்பிடமிருந்து பிரிந்துவந்த சீர்திருத்தக்காரர்கள் லூதரும் ஸ்விங்லியும் உட்கார்ந்து சண்டை போட்டதே இதற்குத்தான்: அப்பம் உடலைக் குறிக்கிறதா, உடலாகவே இருக்கிறதா? ஸ்விங்லி குறிக்கிறது என்றார். லூதர் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாம் கோயில் வாசலில் நான் பேசியது, எனக்கே தெரியாமல், ஸ்விங்லி கட்சி.

ஒரு சொல் விஷயம். சாமி சிலைக்கு ஜெர்மனில் 'கோட்ஸ' என்று ஒரு சொல் அகராதியில் வரும். அதைப் பயன்படுத்தாதீர்கள். பொய்த்தெய்வம் என்று அர்த்தம். 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்ட கால்பந்து வீரரின் குடும்பப் பெயரும் அதுதான். அவர் எங்கள் டோர்ட்மண்ட் அணியில் வளர்ந்தவர் என்பதால் நான் அந்தச் சொல்லைப் பல நாள் மரியாதையானது என்றே நினைத்திருந்தேன். "கடவுள்" என்று சொல்லும் 'காட்' என்ற சொல்லையே சொல்லுங்கள்.

ஸ்வஸ்திகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மாட்டினால் பேச்சோடு போகாது. நாங்கள் பழைய கார் ஒன்று வாங்கியபோது, அம்மா ஊரிலிருந்து ஸ்டிக்கர் அட்டை அனுப்பியிருந்தார். வேல், ஓம், பிள்ளையார், ஸ்வஸ்திகம். வீட்டுக்காரர் யோசிக்காமல் எல்லாவற்றையும் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டார். மறுநாள் காலை மேல்மாடிப் பாட்டி கதவைத் தட்டினார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். "அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்றார். கை நடுங்கியது. நான், "இது எங்களுடையது, ஆயிரக்கணக்கான வருஷப் பழசு, எங்களுடையது வேறு திசையில் திரும்பியிருக்கும்" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைக் கையமர்த்தி, "எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் தினமும் இந்தப் படியில் இறங்க வேண்டும்" என்றார்.

உள்ளே வந்து ஸ்டிக்கரைப் பார்த்தால் திசையும் வேறு இல்லை. நாம் பரவலாகப் போடுவதும் நாஜிகள் போட்டதும் ஒரே பக்கம்தான் திரும்புகின்றன. அவர்கள் கொடியில் அது சாய்ந்திருக்கும், நம்முடையதில் நடுவில் புள்ளிகள் இருக்கும், அவ்வளவுதான். வாட்ஸாப்பில் சுற்றும் அந்தத் திசை விளக்கத்தை நம்பி யாரிடமும் வாதாடாதீர்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவில், அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டினால் மூன்று வருஷம் வரை சிறை அல்லது அபராதம். மத வழிபாட்டைக் குறிவைத்து எழுதிய சட்டம் இல்லை என்றாலும், தெருவில் போகிற போலீஸ்காரருக்கு உங்கள் காரின் உள்நோக்கம் தெரியாது. 2007 இல் இந்தத் தடையை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் கொண்டுவர ஜெர்மனி முயன்றபோது பிரிட்டன் இந்துக்கள் எதிர்த்தார்கள், அது நடக்கவில்லை. அந்த எதிர்ப்பு நியாயம்தான். ஆனாலும் என் வீட்டில் ஸ்வஸ்திகம் பூஜை அலமாரிக்குள் இருக்கிறது. கார், பால்கனி, வாசல் கோலம் எதிலும் இல்லை. கல்யாணப் பத்திரிகையைப் பேஸ்புக்கில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதியைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது என்பதுதான் இன்னும் கஷ்டம். மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, தத்துவப் பாடப் புத்தகத்தில் இந்து மதத்துக்கு நான்கு பக்கம் இருந்தது. கங்கை, பசு, நான்கு அடுக்குப் பிரமிடு. கூடப் படிக்கும் பையன் "நீ எந்த அடுக்கு?" என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். நான் பள்ளிக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன எழுதப் போற? சாதி இல்லைன்னா?" என்றார்.

கை நின்றுவிட்டது. டீக்கடையில் தனி டம்ளர் தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். புகாரைக் கிழித்துவிட்டு, ஒரு பாட நேரம் எனக்குத் தர முடியுமா என்று ஆசிரியைக்கு எழுதினேன். உடனே சரி என்றார். இங்கே இருக்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதைத்தான்: பாடம் நடப்பதற்கு முன்பே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். அவர்களில் பலர் அந்த நான்கு பக்கத்தைத் தாண்டிப் படித்ததில்லை, யாராவது வந்து பேசினால் நிம்மதி அடைகிறார்கள்.

வகுப்பில் பிரமிடை முதலில் எடுத்தேன். எங்கள் ஊரில் இந்த நடு அடுக்குகளையே நான் பார்த்ததில்லை, இருந்ததெல்லாம் சாதிகள்தான் என்றேன். அவை பிரமிடு போல அழகாகவும் நிற்காது, ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு நிற்கும். 'காஸ்ட்டு' என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. விஷயம் அவர்களிடமிருந்து வந்ததில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்ததைச் சொன்னேன். அதுவரை யார் யார் உள்ளே போக முடியாது என்று ஒரு பெண் கேட்டாள். பட்டியலைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் இருந்ததையும் சொன்னேன். அதில் அவர்கள் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மிச்ச நேரத்துக்கு மகள் ஒரு படம் கொண்டுவந்திருந்தாள். எங்கள் கருப்பசாமி: பெரிய மீசை, உருட்டிய கண், கையில் அரிவாள், முன்னால் வரிசையாக நட்டுவைத்த அரிவாள்கள், மணிகள். நான் அதை வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "தாத்தாவுக்குப் பிடிச்ச சாமி" என்றாள்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஹாலே என்ற ஜெர்மன் நகரத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அங்கே ஃபிராங்கே அறக்கட்டளை வளாகத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், ஊர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டு நம் தெய்வங்களைப் பற்றி 1713 இல் ஒரு பெரிய நூல் எழுதினார். சிவன், திருமாலோடு நிறுத்தவில்லை. ஐயனார், மாரியம்மன், பிடாரி எல்லாரும் உண்டு. ஹாலேக்கு அனுப்பினார். உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று பதில் வந்தது. நூல் அச்சாகவில்லை. கடைசியில் 1867 இல், அதுவும் மதராஸில், அச்சேறியது. அவர் வந்ததும் மதம் மாற்றத்தான், அதை மறக்கவில்லை. இருந்தாலும் எங்கள் வகையறாச் சாமிகளை உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார். நான் பத்து வருஷம் அவர்களைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மகள் கிடா வெட்டைச் சொல்லி முடித்தாள். முன் வரிசைப் பையன் கை தூக்கினான். "ஆட்டைச் சாமி சாப்பிடுமா?"

"இல்லை, நாங்கள்தான். சோற்றோடு" என்றாள். சிரிப்பு அடங்கியதும் அதே பையன் திரும்பவும் கை தூக்கினான்.

"தலை யாருக்கு?"

மகள் என்னைப் பார்த்தாள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டேன். இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன். தலை பூசாரிக்கு என்று ஆரம்பித்தவர், அது எந்தப் பூசாரிக்கு, எந்த வருஷம் அது தகராறாகிப் பங்காளிகள் இரண்டு கோயிலாகப் பிரிந்தார்கள், அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். மகள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே குறிப்பெடுத்தாள்.